முருங்கைக்காயின் நீளம் ஏழு மீட்டர்

"டீச்சர், போன பரீச்சையில ஏணிக் கணக்கு ஒண்ணு வந்துச்சே. அத எப்படிப் போடுறதுன்னு சொல்லுங்க."

குணவதி எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த திரைக்குள் சகாயமேரி டீச்சரின் முகம் மலர்ந்தது.

"சாப்பிட்டேம்மா. இட்லியும் தக்காளிச் சட்னியும். நீங்கல்லாம் சாப்பிட்டாச்சா?"

குணவதி திரும்பிப் பக்கத்தில் இருந்த ஒச்சம்மாவைப் பார்த்தாள். ஒச்சம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நீ ஏணியக் கேட்டா அந்தம்மா இட்லியச் சொல்லுது. உக்காருடி," என்றாள்.

வேங்கைமலை பெண்கள் சிறையில் பத்தாம் வகுப்புப் பாடம் இப்படித்தான் நடந்தது. முன்பெல்லாம் ஆசிரியர்கள் நேரில் வந்தார்கள். பிறகு பாதுகாப்பு என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். புத்தகத்தாளில் போதைமருந்தை ஊறவைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று சொல்லிப் புத்தகத்தையும் நிறுத்தினார்கள். இப்போது எல்லாம் திரையில்தான். பாடப்புத்தகம் கையகல மின்பலகையில் வரும். டீச்சர் ஊருக்குள் இருக்கும் தன் பள்ளிக்கூடத்திலிருந்து திரையில் வருவார். இரண்டுக்கும் நடுவில் 'செவிலி' என்று ஒரு பெட்டி காவல் இருந்தது. கைதிகளிடம் போகக்கூடாத பேச்சு போகாமலும், கைதிகளிடமிருந்து வரக்கூடாத பேச்சு வராமலும் அது பார்த்துக்கொள்ளும் என்று திறப்பு விழாவில் சொன்னார்கள். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கும் இடத்தில் கைதிகள் இல்லை.

சிறையில் படித்தால் மனிதர் திருந்துவார்கள் என்று அரசாங்கம் நம்பியது. படிக்கவிட்டால் சுவர் ஏறிக் குதிப்பார்கள் என்றும் அதே அரசாங்கம் நம்பியது. இரண்டு நம்பிக்கைக்கும் தனித்தனியாக நிதி ஒதுக்கியிருந்தார்கள்.

குணவதி திருந்துவதற்காகப் படிக்கவில்லை. குடித்துவிட்டு வந்து, தொட்டிலில் கிடந்த பிள்ளையைத் தூக்கி எறியப்போன புருஷனை அவள் அம்மிக்குழவியால் அடித்தாள். ஓர் அடியோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீதிபதி சொன்னார். நிறுத்தியிருக்கலாம்தான். அதைப் பற்றி அவள் யாரிடமும் வாதாடவில்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் திறந்தவெளிச் சிறை. அங்கே மதில் கிடையாது. காய்கறி பயிரிடலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வந்து மடியில் உட்காரலாம். பத்தாம் வகுப்பு தேறியவர்களைத்தான் அங்கே அனுப்புவார்கள்.

மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தில் கவிழ்த்தது. அவளை மட்டுமல்ல, திரை வந்த நாளிலிருந்து வேங்கைமலையில் ஒருத்தியும் கணக்கில் தேறவில்லை. 'பெண் கைதிகளுக்குக் கணிதத்தில் நாட்டமில்லை' என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டார்கள். நாட்டமில்லாதவள் எவள் என்று குணவதிக்குத் தெரியவில்லை. ராத்திரி கனவில்கூட அவளுக்கு வர்க்கமூலம் வந்தது.

சகாயமேரி டீச்சர் நல்ல டீச்சர்தான். பின்னம், சமன்பாடு, வட்டம் எல்லாம் அருமையாகச் சொல்லிக்கொடுப்பார். முக்கோணவியலில் சைன், காஸ், டேன் வரைக்கும் தெளிவாக வருவார். அதன் பிறகு திடீரென்று ஏதோ ஆகிவிடும். "கீரையில சத்து இருக்கு. தினமும் சாப்பிடணும். மனச அமைதியா வச்சுக்கணும்," என்று ஒரு வாரம் முழுக்கப் பேசுவார். கரும்பலகையில் எதையோ ஆர்வமாக வரைவார். விலகி நின்றால் அங்கே ஒரு செம்பருத்திப் பூ இருக்கும். அந்தப் பூவைச் சுட்டிக்காட்டி, "புரியுதா?" என்பார்.

"புரியல டீச்சர்!" என்று பெண்கள் கத்துவார்கள்.

"ரொம்ப சந்தோஷம்," என்று டீச்சர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்.

"அந்தம்மாவுக்கு வருஷத்துல ஒரு வாரம் மண்டைக்குள்ள ஏதோ கழண்டு போகுது," என்றாள் ஒச்சம்மா. சாப்பாட்டு டீச்சர் என்று பேரும் வைத்துவிட்டாள். குணவதிக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை முடிந்ததும் வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அதில் இருந்த கேள்வியை அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள். சுவரில் ஓர் ஏணி சாய்ந்திருக்கிறது. ஏதோ ஒரு கோணம். ஏதோ ஒன்றைக் கண்டுபிடி. சைன் தெரியும், காஸ் தெரியும். அதை ஏணியில் எங்கே கொண்டுபோய் ஒட்டுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை. பலகையில் அந்தப் பாடமே இல்லை. கேட்டால் இட்லி.

ஞாயிற்றுக்கிழமை வேறு அறை, வேறு திரை. அதற்குக் குடும்பப் பேச்சு என்று பெயர். குணவதியின் மகள் பூவரசி அருப்புக்கோட்டையில் தன் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தாள். பத்து வயது. நேரில் பார்க்கும் முறையை நிறுத்திய பிறகு திரையில் பார்ப்பதோடு சரி. எப்போது வந்தாலும் ரெட்டைச் சடை, ரிப்பன், சிரித்த முகம்.

"பாப்பா, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. அத்தை நல்லாப் பாத்துக்குறாங்க."

"லீவுல எங்கயாச்சும் கூட்டிட்டுப் போனாங்களா?"

"சாப்பிட்டேம்மா."

கேட்டதற்கும் சொல்வதற்கும் சில நேரம் சம்பந்தம் இருக்காது. பிள்ளைகள் அப்படித்தான், விளையாட்டு நினைப்பு என்று குணவதி நினைத்துக்கொள்வாள். "சமத்து. அப்படியே இரு. அத்தை சொல்றதக் கேளு. அம்மா சீக்கிரம் வந்துருவேன்," என்பாள். பூவரசி சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

கார்த்திகையில் இடி விழுந்து வகுப்புத் திரை கெட்டுப்போனது. சரிசெய்ய ஃபைசல் என்று ஒரு இளைஞன் வந்தான். அவன் ஏறி நின்று வேலை பார்க்க ஓர் அலுமினிய ஏணியும் வந்தது. ஏணிக்குக் காவலாக இரண்டு வார்டர்கள் வந்தார்கள். ஃபைசலுக்குக் காவல் இல்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ளக் குணவதியைக் கூப்பிட்டார்கள்.

இத்தனை நாளாகத் தன்னைக் கவிழ்த்துவந்த சாமானைக் குணவதி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சுவரில் சாய்ந்திருந்தது. கோணமும் இருந்தது.

"தம்பி, ஒண்ணு கேக்கவா? எங்க டீச்சர்கிட்ட இதப் பத்திக் கேட்டா, சாப்பிட்டேன்னு சொல்றாங்க. அவங்களுக்குக் காது கேக்காதா?"

ஃபைசல் மேலிருந்து குனிந்து பார்த்தான். "எதப் பத்தி?"

"இந்த ஏணியப் பத்தித்தான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வார்டர்களைப் பார்த்ததும் அடங்கியது. திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினான். "டீச்சருக்குக் காது நல்லாத்தான்கா கேக்கும். நீங்க கேட்டது அவங்களுக்குப் போயிருக்காது. ஏணி, சுவரு, உயரம், தூரம் இதெல்லாம் ஜெயிலுக்குள்ள ஆகாத பேச்சு. செவிலி மாத்தி விட்டுரும்."

"தடுக்கும்னுதான சொன்னாங்க?"

"பழைய பெட்டி தடுக்கும். கீ கீன்னு சத்தம் போடும். அதக் கேட்டுக் கேட்டுக் கைதிங்க கடுப்பாகி ரகளை பண்ணாங்களாம். அதான் புதுசு. இது தடுக்காது. உங்க கொரல்லயே, உங்க வாயசைப்புலயே, வேற ஒண்ண நல்லதாப் பேசிரும். சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களான்னு. மூஞ்சியக்கூட அதுவே வரைஞ்சிரும். எதிர்ல இருக்குறவங்களுக்கு ஒரு சந்தேகமும் வராது."

"அங்கேருந்து வர்றதும் அப்படித்தானா?"

"ரெண்டு பக்கமும்தான்."

குணவதி ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அப்படியானால் டீச்சருக்கு மண்டையில் எதுவும் கழலவில்லை. கீரை டீச்சருடையது இல்லை. செம்பருத்திப் பூ டீச்சருடையது இல்லை. 'புரியல டீச்சர்' என்று தொண்டை கிழியக் கத்தியது, அந்தப் பக்கம் 'புரிஞ்சிருச்சு டீச்சர்' என்று போயிருக்கிறது. தான் யாரிடம் பேசினோம், தன்னிடம் யார் பேசினார்கள்? எது அசல், எது பெட்டி? ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவியது. சட்டென்று வேறொரு நினைப்பு வந்தது.

"தம்பி, இந்தப் பொட்டி இந்தக் கிளாஸ் டிவிக்கு மட்டும்தான?"

ஃபைசல் ஒரு திருகாணியை முறுக்கினான். பிறகு, "நான் இந்த ரூமுக்கு மட்டும்தான்கா வந்திருக்கேன்," என்றான்.

அந்தப் பதிலைக் குணவதி தனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டாள். வேறு அறை, வேறு திரை. அதற்கு மேல் அந்தப் பக்கம் யோசிக்க அவளுக்குத் துணிவில்லை.

வார்டர் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள். "மேலிடத்துல சர்டிபிகேட் குடுத்த பொட்டி. நீ அதுல நொட்டை சொல்றியா? போய்க் கம்பளியத் தொவை," என்று அவர் அனுப்பிவிட்டார். கம்பளி துவைக்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஆகாத பேச்சையெல்லாம் பெட்டி சாப்பாட்டுப் பேச்சாக மாற்றுகிறது என்றால், சாப்பாட்டுப் பேச்சை அது என்னவாக மாற்றும்? ஒன்றும் செய்யாது. அப்படியே விட்டுவிடும்.

அடுத்த வகுப்பில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், சாப்பிட்டீங்களான்னு நான் உங்கள ஒருநாளும் கேட்டதில்ல."

திரையில் டீச்சர் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "என்னம்மா சொல்ற? டெய்லி நீதான கேக்குற? இவ்வளவு பாசமான பிள்ளைகன்னு நான் எங்க ஸ்கூல்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

"நான் கேக்கல டீச்சர். நான் வேற கேக்குறேன். உங்களுக்கு அது சாப்பாடா வருது."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்ப நான் சொல்றது உங்களுக்கு எப்படி வருது?"

ஒச்சம்மா முந்திக்கொண்டாள். "கீரை சாப்பிடுங்கன்னு வருது டீச்சர். ஒரு வாரம் முழுக்கக் கீரைதான்."

"நான் ஒருநாளும் கீரையப் பத்திப் பேசலம்மா."

அதைச் சொன்னபோது டீச்சர் அழுதாரா, கோபப்பட்டாரா என்று யாருக்கும் தெரியாது. திரையில் அவர் சிரித்தபடிதான் இருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் குணவதிக்குப் பயமாக இருந்தது.

அன்று பாடம் நடக்கவில்லை. டீச்சர் ஒவ்வொன்றாகச் சொல்ல, என்ன வந்து சேர்ந்தது என்று பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். முக்கோணம் முக்கோணமாகவே வந்தது. கோணமும் வந்தது. இன்னொன்று வெண்டைக்காயாக வந்தது. மற்றொன்று 'உடம்பப் பாத்துக்கோங்க' என்று வந்தது. நடுவில் டீச்சர் ஏதோ நீளமாகப் பேசினார். 'தினமும் தலைக்குக் குளிங்க' என்று வந்தது. அது அரசாங்கத்தைப் பற்றி அவர் சொன்னதாக இருக்கும் என்று ஒச்சம்மா யூகித்தாள்.

மறுநாள் டீச்சர் மேசையில் ஒரு சொம்பையும் ஒரு முருங்கைக்காயையும் கொண்டுவந்து வைத்தார். முருங்கைக்காயைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காய்தான் ஏணி, சொம்புதான் சுவர் என்று பார்த்த மாத்திரத்தில் குணவதிக்கு விளங்கியது.

"தெரியுதாம்மா?"

"முருங்கைக்காய் தெரியுது டீச்சர்!"

"சொம்பு தெரியுதா?"

"தெரியுது டீச்சர்!"

செவிலிக்கு முருங்கைக்காயில் ஆட்சேபம் இருக்கவில்லை. சொம்பு எவ்வளவு உசரம் என்று கேட்டால்கூட விட்டுவிட்டது. சுவரோடு சேர்ந்தால்தான் உயரம் குற்றம். காயின் நீளம் கர்ணம். சொம்பு எதிர்ப்பக்கம். சொம்புக்கும் காயின் கீழ்நுனிக்கும் நடுவில் இருக்கும் மேசை அடுத்துள்ள பக்கம். சொம்பும் காயும் என்றால் சைன், மேசையும் காயும் என்றால் காஸ், சொம்பும் மேசையும் என்றால் டேன். இவ்வளவுதானா? இந்தச் சின்ன விஷயத்துக்காகவா இத்தனை வருஷம் தோற்றோம்? பெண்களுக்கு முதலில் சந்தோஷம் வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது. ஒச்சம்மா வாய்விட்டு அழுதாள். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மண்டைதான் மக்கு என்று தன்னையே திட்டிக்கொண்டு திரிந்தவள்.

அதிலிருந்து பரீட்சை வரைக்கும் வேங்கைமலை வகுப்பில் முருங்கைக்காய் மணத்தது. பெரிய சொம்பு, சின்ன சொம்பு, இரண்டு சொம்புக்கு நடுவில் ஒரு காய். பம்பரமாகச் சுழன்று போட்டார்கள். அறைக்கதவு சாத்திய பிறகும் தரையில் விரலால் கோடு இழுத்துப் போட்டார்கள்.

பரீட்சையில் வினாத்தாள் வழக்கம்போலக் காகிதத்தில் வந்தது. 'செங்குத்தான சுவரில் சாய்த்து வைக்கப்பட்ட ஓர் ஏணி தரையுடன் 60 டிகிரி கோணத்தை ஏற்படுத்துகிறது. ஏணியின் அடி சுவரிலிருந்து 3.5 மீட்டர் தொலைவில் உள்ளது எனில் ஏணியின் நீளம் காண்க.' குணவதிக்குக் கை பரபரத்தது. படம் வரைந்தாள். காஸ் அறுபது, அரை. மூன்றரையை அரையால் வகுத்தாள். கீழே இரண்டு கோடு போட்டு விடை எழுதினாள். ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த கேள்வி தீர்ந்துபோன நிம்மதியில் தாளைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்துவிட்டாள்.

முடிவு வந்த அன்று வேங்கைமலைக்கு மட்டும் முடிவு வரவில்லை. நிறுத்திவைப்பு. காரணம்: ஒட்டுமொத்த முறைகேடு.

என்ன முறைகேடு என்று யாரும் சொல்லவில்லை. முதலில் திரையில் ஒரு விசாரணை நடந்தது. ஒவ்வொருத்தியாக உள்ளே போனார்கள். திரையில் இருந்த தேர்வுத்துறை அதிகாரி கேள்வி கேட்டார். "உங்கள் ஆரோக்கியம் எப்படி இருக்கிறது?" என்று குணவதிக்குக் கேட்டது. நடந்ததை ஆதியிலிருந்து அந்தம் வரை சொன்னாள். அதிகாரியின் முகம் சிரித்தபடியே இருந்தது. ஆனால் பாதியில் திரை அணைந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே அதிகாரி நேரில் வந்தார். பெயர் வைத்தியலிங்கம். கண்காணிப்பாளர் அறையில், மேசை மேல் விடைத்தாள் கட்டோடு உட்கார்ந்திருந்தார். குணவதியைப் பார்த்ததுமே பொரிந்து தள்ளினார்.

"ஏம்மா, எம்மேல உங்களுக்கு என்ன அவ்வளவு நக்கலு? ஒருத்தி விடாம எல்லாரும் என்னைய சாப்பிட்டீங்களா சார்னு கேக்குறீங்க? நான் என்ன விருந்துக்கா வந்தேன்?"

"நாங்க கேக்கல சார்," என்றாள் குணவதி. நேரில் பேசினாலும் அவளுக்கு ஒரு பயம். சொல்வது சொன்னபடி போய்ச் சேருகிறதா என்று அவர் முகத்தையே பார்த்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

அவர் ஒரு விடைத்தாளை உருவி அவள் முன் போட்டார். "இது உன் பேப்பர்தான? படி."

குணவதி பார்த்தாள். தன் கையெழுத்துதான். 'எனவே, முருங்கைக்காயின் நீளம் = 7 மீட்டர்.'

"கேள்வில என்ன கேட்டிருக்கு? ஏணி. இத்தன பேரும் முருங்கைக்காய்னு எழுதியிருக்கீங்க. ஒரு அம்மா சொம்புக்குப் படம் வேற போட்டு வச்சிருக்கு. எவனோ வெளியில இருந்து சொல்லிக்குடுத்து எல்லாரும் அப்படியே எழுதுனாத்தான் இப்படி ஒரே மாதிரி தப்பு வரும். இருபது வருஷமா பேப்பர் பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

பரீட்சையன்று குணவதி கேள்வியைக் கண்ணால் படித்தாள். கை பழகினதை எழுதிவிட்டது. அத்தனை பேர் கையும்.

"சார், ஒரு கணக்குக் குடுங்க. இங்கயே போடுறேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஒரு கோயில் கோபுரம். அடியிலேருந்து முப்பது மீட்டர் தள்ளி நின்னு பாக்குற. உச்சி நாப்பத்தஞ்சு டிகிரில தெரியுது. கோபுரம் எவ்வளவு உயரம்?"

குணவதி கண்ணை மூடிக்கொண்டாள். "மேசை முப்பது. எதிர்ப்பக்கம் வேணும். அப்ப டேன். டேன் நாப்பத்தஞ்சு ஒண்ணு. சொம்பும் முப்பதுதான் சார்."

"சொம்பா?"

"கோபுரம் சார். கோபுரம் முப்பது மீட்டர்."

வைத்தியலிங்கம் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "உக்காரும்மா," என்றார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இட்லி, செம்பருத்திப் பூ, ஏணியில் நின்ற பையன், முருங்கைக்காய். அவர் நடுவில் இரண்டு தடவை தலையில் அடித்துக்கொண்டார்.

"நீங்க காப்பியடிக்கலன்னு எழுதிடுறேன். எல்லாருக்கும் மார்க் வந்துரும். பாஸ்னே வச்சுக்க," என்றார். "செவிலியப் பத்தி நான் எழுத முடியாது. அது என் துறை இல்ல. எழுதுனாலும் எடுபடாது. அதுக்கு விருதெல்லாம் குடுத்துருக்காங்கம்மா. செலவக் கொறச்சதுக்கு. ஒரு கட்டடத்துக்கு ஒரே பொட்டி. கிளாஸு, விசாரணை, வக்கீல், குடும்பப் பேச்சு, எல்லா லைனும் அது வழியாத்தான் போகுது."

பாஸ் என்ற சொல்லைக் கேட்டு எழுந்து கும்பிடப்போன குணவதியின் கை பாதியில் நின்றது.

"குடும்பப் பேச்சுமா சார்?"

"எல்லாந்தான். கைதி மனசு கலங்குற மாதிரி எதுவும் உள்ள வந்துறக்கூடாதாம். நல்ல எண்ணத்துலதான் வச்சிருக்காங்க."

அன்று வேங்கைமலையில் ஒரே கொண்டாட்டம். ஒச்சம்மா டான்ஸ் ஆடினாள். வார்டர் அம்மாகூடச் சர்க்கரை கொடுத்தார். திறந்தவெளிச் சிறைக்கு உத்தரவு வர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்றார்கள். குணவதி எதிலும் ஒட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பழைய ஞாயிற்றுக்கிழமைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எது பூவரசி சொன்னது, எது பெட்டி சொன்னது? பிரிக்கவே முடியவில்லை. எல்லாம் ஒரே குரல், ஒரே சடை, ஒரே சிரிப்பு. தான் சொன்னது மட்டும் நன்றாக நினைவில் இருந்தது. சமத்து. அப்படியே இரு. அத்தை சொல்றதக் கேளு. பிள்ளை எதைச் சொன்னபோது, அம்மா அப்படியே இரு என்றாள்? அதை நினைத்ததும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திரை விழித்தது. ரெட்டைச் சடை, ரிப்பன், சிரித்த முகம்.

"நல்லா இருக்கேம்மா. சாப்பிட்டேம்மா. அத்தை நல்லாப் பாத்துக்குறாங்க."

குணவதி திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பரீட்சைக்கு முன்னால் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பதுபோல, தப்பிதமாக ஒரு சொல்கூட வந்துவிடாமல், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்தாள்.

"பாப்பா, அம்மா சொல்றத நல்லாக் கேளு. இன்னைக்குச் சாப்பாட்டப் பத்தி மட்டும் பேசு. வேற எதுவும் பேசாத. சாப்பிட்டேன்னு வாராவாரம் எனக்குக் கேக்குதே. அது நீ சொல்றதா?"

வார்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பூவரசியின் குரல் வந்தது. சன்னமாக, நிறுத்தி நிறுத்தி வந்தது. முதல் தடவையாக அது அவளுடைய குரல் என்று குணவதிக்குத் தெரிந்தது.

"இல்லம்மா. நான் சாப்பிட்டேன்னு ஒருநாளும் சொன்னதில்ல."

திரையில் அவள் முகம் சிரித்துக்கொண்டே இருந்தது.